எடை பார்க்காத ஒரு சிலிண்டர்

நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. போன மாதம் பட்டறைப் பிள்ளைகள் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள். இப்போது வரும் லைஃப் ஜாக்கெட்டுகளில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கிறதாம். பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் சரியில்லை. "அக்கா, பச்சைதான் காட்டுது. அப்புறமும் எதுக்கு சிலிண்டரக் கழட்டி எடை பாக்கணும்? டைம் வேஸ்ட்லா. நீங்க பாஸ் கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்கள்.

நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஜாக்கெட்டை ஊதவைக்கும் சிலிண்டர் சரியாகத் திருகப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பச்சை ஜன்னல் சொல்கிறது. உள்ளே வாயு இருக்கிறதா இல்லையா என்பது ஜன்னலுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு தடவை தெரியாமல் போனது. அந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் குருண் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். பதினோரு வருடம் ஒரே வேலை. கையுறையில் காற்றை அடைத்து, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிப் போட வேண்டும். கல்யாணமாகிக் கோலா கெடாவுக்கு வந்தபோது மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பட்டறையில் ஆள் தேவை என்றார்கள். கடலில் போகிறவர்களின் உயிர்காப்புச் சாமான்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் இடம் அது. முதலாளி ஜெயசிங்கம் என் பழைய வேலையைக் கேட்டுவிட்டு, "காத்துப் போற இடத்தைக் கண்டுபிடிப்பீங்களோ?" என்றார். கண்டுபிடிப்பேன் என்றேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. பயிற்சி ஆறு மாதம் நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதமும் விரல் நகம் உடைந்தது.

ஜெயசிங்கம் யாழ்ப்பாணத்து வம்சம். அலோர் ஸ்டாரில் வீடு. முன்பு கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் இரண்டாம் தடவையும் துடைப்பார். துடைத்து முடித்து ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட நாலு அடி வாங்குவது சுலபம்.

வந்த சாமான்களில் பாதி மீன்பிடிப் படகுகளுடையது. மீதியில் கொஞ்சம், தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுடையது. அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் முதலாளிக்குக் கண். "படகில நாலு பேர் இருந்தா ஒருத்தன் விழுந்ததை மற்ற மூண்டு பேர் பாப்பினம். தனியாப் போறவைக்கு ஆர் இருக்கினம்? அவையின்ர ஜாக்கெட்டைக் கடைசியாப் பாக்கிற ஆள் நீங்கள்தான்" என்பார். தனியாகப் போகிறவருக்கு மூன்று சாமான் வேண்டும். முதலாவது கயிறு. ஒரு முனையை ஜாக்கெட்டின் நெஞ்சு வளையத்திலும் மறுமுனையைப் படகிலும் மாட்டிக்கொண்டால் விழவே மாட்டார். கயிற்றை மாட்ட மறந்து விழுந்தால் மிதக்க ஜாக்கெட். மிதக்கிற இடத்தை வானத்துக்குச் சொல்ல, கைக்கு அடக்கமான ஒரு சிக்னல் கருவி. மூன்றும் ஒன்றுக்கொன்று உதவி. ஆனால் விழுந்த பிறகு முதல் நிமிடத்தில் ஜாக்கெட் திறக்காவிட்டால் சிக்னல் கருவியை அமுக்க ஆள் இருக்காது.

இந்த ஜாக்கெட் பார்க்கக் கழுத்தில் போடும் தடித்த பட்டை மாதிரி மெலிசாக இருக்கும். உள்ளே மஞ்சள் பை மடிந்திருக்கும். பையோடு கைவிரல் நீளத்தில் ஒரு வாயு சிலிண்டர். சிலிண்டரின் வாய்க்கு எதிரே ஓர் ஊசி. ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் கரையும் ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டால் மாத்திரை கரையும், ஊசி பாயும், பை ஊதிக்கொள்ளும். ஒரு மனிதனின் உயிர் ஒரு மாத்திரையில் நிற்கிறது என்பதை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆனது.

சோதனை முறை இதுதான். பையைப் பிரித்துக் காற்றடித்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். தையல், பக்கிள், தொடைப்பட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். விசிலை ஊதிப் பார்க்க வேண்டும். மாத்திரையின் தேதி பார்க்க வேண்டும். கடைசியில் சிலிண்டர். கழுத்தருகே அதன் எடை பொறித்திருக்கும். தராசில் வைத்தால் அதே எடை வர வேண்டும். இரண்டு கிராம் குறைந்தாலும் குப்பை. சிலிண்டர் புதிதா, பளபளப்பா என்பதெல்லாம் கணக்கில்லை. வாயு கசிந்துபோன சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் பார்வைக்கு ஒன்றுதான். ஆட்டினாலும் சத்தம் வராது. தராசு ஒன்றுதான் சாட்சி. அது சொல்லும் எண்ணைப் பதிவேட்டில் 'எடை' என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலையில் சிரிப்புக்கும் குறைவில்லை. அலோர் ஸ்டாரில் ஓர் அம்மா, கணவரின் ஜாக்கெட் அழுக்காக இருக்கிறதென்று துணி துவைக்கும் மெஷினில் போட்டுவிட்டார். அது உள்ளேயே ஊதிக்கொண்டது. கதவும் திறக்கவில்லை, மெஷினும் சுற்றவில்லை. கணவர் மெஷினையே வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காற்றை இறக்கி ஜாக்கெட்டை எடுத்தோம். முதலாளி பதிவேட்டில் 'நன்றாக வேலை செய்தது' என்று எழுதினார். அந்தம்மாவுக்கு மட்டும் கோபம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

மாணிக்கவேலு சார் நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் காட்டையும் வயலையும் அளந்தவருக்கு அறுபது வயதில் அளக்க முடியாத இடத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. சின்னப் பாய்மரப் படகு ஒன்று வாங்கி ஆற்றில் கட்டி வைத்திருந்தார். அவர் மனைவிக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி. அதனால் தனியாகத்தான் ஓட்டுவார். அந்த வருடம் லங்காவித் தீவுக்குப் போய், அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, மறுநாள் எல்லை தாண்டி வடக்கே புக்கெட் வரை தனியாகப் போவதாகத் திட்டம். ஜாக்கெட்டைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் முறைப்படி முடித்து, எடையும் பார்த்து, எழுதி வைத்துவிட்டேன். ஆயுத பூஜையன்று மாலை மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் கிளம்புகிறார்.

பட்டறையில் ஆயுத பூஜை வருடா வருடம் உண்டு. முதலாளி கிறிஸ்தவர். தேங்காய், பழமெல்லாம் வாங்கிக் கொடுப்பார், பூஜைக்கு இருக்க மாட்டார். அன்றைக்கும் அலோர் ஸ்டாருக்குப் போய்விட்டார். நானும் ஸ்டோர் பார்க்கும் முனியாண்டி அண்ணனும் கருவிகளைக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மேசையில் அடுக்கினோம். காற்றுப் பம்ப், ஸ்பேனர், கத்தரிக்கோல், நடுவில் தராசு. மாத்திரை போட்ட ஜாக்கெட்டுகளையெல்லாம் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தண்ணீர் தெளிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

சாத்திய பிறகுதான் மாணிக்கவேலு சார் ஞாபகம் வந்தது. அவ்வளவு தூரம் தனியாகப் போகிறார். சாமி முன்னால் ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் என்ன என்று தோன்றியது. அவர் ஜாக்கெட்டை மட்டும் எடுத்து வந்து, பட்டையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, மேசை ஓரத்தில் வைத்தேன். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். என் வேலையில் நடந்த பெரிய தப்பு அதுதான்.

முனியாண்டி அண்ணன் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கை தாராளமான மனிதர். "அண்ணே, ஓரத்துல வேணாம்" என்று நான் சொல்வதற்குள் தெளித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். அப்போது 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு சீறல். ஜாக்கெட் எழுந்து நின்று மஞ்சளாக உப்பி, வாழைப்பழத் தட்டைக் கீழே தள்ளியது.

"சாமி ஏத்துக்கிச்சு" என்றார் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. காற்றை இறக்கி, துடைத்து, மடித்து, புது மாத்திரையும் புது சிலிண்டரும் போட வேண்டும். மாத்திரை இருந்தது. அந்த வாரம் வந்த பத்து சிலிண்டர் பெட்டியில் ஒன்றை எடுத்தேன். வாய் மூடி முழுசாக இருந்தது. எடை பார்க்கத் திரும்பினால், தராசு பூஜையில் இருக்கிறது. நெற்றியில் சந்தனம், பக்கத்தில் விளக்கு.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். என் அப்பா தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியை வைத்தால் அப்படித்தான். தொழிற்சாலையிலும் அப்படித்தான். நான் கையை நீட்டியதும் அண்ணன், "பார்வதி, நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாது. அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா" என்றார். புது சிலிண்டர்தானே, பெட்டியே இன்றைக்குத்தானே பிரித்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிலிண்டரைக் கையாலேயே திருகிவிடலாம். கருவி எதையும் தொட வேண்டியதில்லை என்று ஒரு திருப்தி வேறு. திருகினேன்.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் அலட்சியம். நான் பதிவேட்டை எடுத்து, 'எடை' என்ற கட்டத்தில் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். அது பொய். கட்டம் காலியாக இருந்தால் முதலாளி கேட்பாரே என்ற பயம்தான் காரணம்.

மூன்று மணிக்கு மாணிக்கவேலு சார் வந்தார். குங்குமத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நீங்க வெச்சதா தங்கச்சி?" என்று கேட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தராசை எடுத்தேன். முதல் வேலை நல்ல வேலையாக இருக்கட்டும் என்று பெட்டியில் மீதியிருந்த ஒன்பது சிலிண்டரையும் எடை போட்டேன். ஆறு சரியாக இருந்தன. மூன்று குறைந்தன. ஒன்றில் பாதி வாயு இல்லை. திரும்பப் போட்டேன். தராசைத் துடைத்து மறுபடி போட்டேன். சந்தனம் ஒட்டியிருக்குமோ என்று கழுவிக்கூடப் பார்த்தேன். பத்தாவது சிலிண்டர் கடலில் இருக்கிறது. அது ஆறோடு சேர்ந்ததா, மூன்றோடு சேர்ந்ததா என்று சொல்ல யாரும் இல்லை.

முதலாளி வந்ததும் சொன்னேன். பூஜை, தண்ணீர், சிலிண்டர் எல்லாம். பதிவேட்டைத் திறந்து அவர் முன் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"இது தராசு சொன்ன எண்ணோ, சிலிண்டர் சொன்ன எண்ணோ?"

"சிலிண்டர் சொன்னது, பாஸ்."

மறுபடி துடைத்தார். நான் அந்த எண்ணை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "வெட்டாதையுங்கோ. கீழ எழுதுங்கோ" என்றார். 'எடை பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாணிக்கவேலு சாரின் போன் அணைந்திருந்தது. வீட்டுக்குப் போட்டோம். "அவரு வீட்டுல இருந்தாலே போன் எடுக்க மாட்டாரு" என்றார் மனைவி. ஏன் கேட்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. முதலாளி கடல் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

"பத்தரைக்கு ஒரு ஃபெரி இருக்கு" என்றார் முதலாளி. "நாளைக்கு விடிஞ்சா அவர் லங்காவியிலயும் இருக்க மாட்டார்."

சரியாக எடை வந்த சிலிண்டர் இரண்டு, மாத்திரை இரண்டு, தராசு. எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஃபெரி போகும் ஒன்றே முக்கால் மணி நேரமும் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து வெள்ளைப் பாய் தேடினேன். ஒன்றிரண்டு தெரிந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. கடலைப் பார்த்து எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அதற்கு முன் அது எங்கள் பட்டறைக்குச் சாமான் அனுப்பும் இடமாக மட்டும்தான் இருந்தது.

லங்காவியில் படகுகள் கட்டும் துறையில் காவலர் ஒருவர் இருந்தார். படகின் பெயரைச் சொன்னேன். "பெலும் சம்பாய், காக்" என்றார். மலாயில், 'இன்னும் வரவில்லை, அக்கா' என்று அர்த்தம். ஒரு மணிக்கும் அதையே சொன்னார். இரண்டு மணிக்கும் அதையே சொன்னார். மூன்று மணிக்கு நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். முந்தின நாள் கும்பிட்டதில்தான் இவ்வளவும் வந்தது என்று நினைத்து நிறுத்தினேன். அப்புறம் மறுபடி கும்பிட்டேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் படகு வந்தது. மாணிக்கவேலு சார் நின்றுகொண்டே ஓட்டி வந்தார். உடம்பில் ஒரு பனியனும் தொப்பியும்தான் இருந்தது. ஜாக்கெட் இல்லை. உயிரோடு வந்துவிட்டாரே என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது.

"சார், ஜாக்கெட் எங்க?"

"தங்கச்சி, நீங்க எங்க இங்க?" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "உள்ள சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். பொட்டு வெச்சுக் குடுத்தீங்க. அதப் போட்டு வேர்வையில நனைக்க மனசு வரல" என்றார்.

"கயிறாவது மாட்டியிருந்தீங்களா?"

"கயிறு ஜாக்கெட்லதானே மாட்டணும்."

காலையிலிருந்து பத்து மணி நேரம் அந்த மனிதர் ஒன்றுமே இல்லாமல் வந்திருக்கிறார். காரணம் என் பொட்டு.

ஜாக்கெட்டை வாங்கி சிலிண்டரைக் கழற்றினேன். ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் தராசை அவர் பக்கம் திருப்பி வைத்து, "நீங்களே படிங்க சார்" என்றேன். பதினேழு கிராம் குறைந்தது. பாதி வாயு. பெரிய ஆளான அவரை அது தூக்கியிருக்காது. பூஜை நடந்ததையும், நான் எடை பார்க்காததையும், பொய் எழுதியதையும் சொன்னேன். அளந்தே பழகிய மனிதர். எண்ணின் அர்த்தம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

புது சிலிண்டரை அவர் கண் முன்னால் எடை போட்டேன். சரியாக இருந்தது. மாத்திரையையும் மாற்றித் திருகி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நேத்தும் இப்படித்தான் நீட்டினீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "உங்க மேல வருத்தம் இல்ல தங்கச்சி. சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னீங்க. ஆனா இனிமே இதப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். கழுத்துல ஒரு கனம், அவ்ளோதான். நான் இல்லாமலே போயிக்கிறேன். இன்னிக்கு வந்த மாதிரி."

"தராசு சரியா காட்டுச்சே சார்."

"தராசு காட்டும். தண்ணி என்ன காட்டும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் நாளைக்குப் புறப்படுவார். ஜாக்கெட் இல்லாமல், கயிறு மாட்ட இடமில்லாமல், இரண்டு நாள் தனியாக. ஜாக்கெட்டை நானே கழுத்தில் போட்டேன். பக்கிளை மாட்டினேன். தொடைப்பட்டையைச் சுடிதாருக்கு மேல் இழுத்து இறுக்கினேன். பட்டறையில் இதை ஆயிரம் தடவை பொம்மைக்கு மாட்டியிருக்கிறேன். எனக்கு மாட்டியது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, என்ன செய்றீங்க? நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுத் துறையின் ஓரத்திலிருந்து குதித்தேன்.

தண்ணீர் காதை அடைத்தது. உப்பு மூக்கில் ஏறியது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஐந்து வினாடிக்குள் ஊதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த வரியை எத்தனையோ பதிவேடுகளில் என் கையால் எழுதியிருக்கிறேன். ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேர் முகமும் வந்தது. சாம்பார் வைத்த அடுப்பை அணைத்தேனா என்ற கேள்வியும் வந்தது. பிறகு கழுத்துக்குப் பின்னால் 'டப்' என்றது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது போல மேலே வந்தேன். முகம் வானத்தைப் பார்த்துத் திரும்பியது. மூச்சு வந்தது. அழுதேன். ஏற்கெனவே நனைந்திருந்ததால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

மாணிக்கவேலு சார் துறையில் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் என் பையிலிருந்த இன்னொரு சிலிண்டரை எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைத் தானே படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பொறித்ததையும் தராசையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கொக்கிக் கழியை என் பக்கம் நீட்டினார்.

"சரி தங்கச்சி. நாளைக்குப் போட்டுக்கிறேன். நீங்க ஏறி வாங்க."

கழியைப் பிடிக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

"இருங்க சார்" என்றேன். "காத்து இறங்குதான்னு பாக்கணும்."